கால் குறைத்த மோட்டார்

என் வயதுக்காரர்களுக்கு, அதிலும் ஏரிப்பக்கம் மனை வாங்கிக் குடிபோன வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, ஒரு பழக்கம் இருக்கும். மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், காலையில் எழுந்ததும் காபியைக்கூடத் தொடாமல் வாசல்படியைப் போய்ப் பார்ப்போம். எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணுவோம். இப்போது நான் இருப்பது மூன்றாவது மாடியில். இருந்தும் பால்கனியில் நின்று கீழே யார் வீட்டுப் படியையோ எண்ணுகிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நீங்கள் சிரிக்கமாட்டீர்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலம். எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அதற்கு முந்தைய வருஷம்தான் பட்டாபிராம் பக்கத்து குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு அயனம்பாக்கத்தில் ஏரியை ஒட்டிச் சொந்த வீட்டுக்கு வந்திருந்தோம். சொந்த வீடு என்றால் இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பூசாத சுவர். மாடிக்குப் படி கட்டவில்லை, மூங்கில் ஏணிதான். தெருவில் மொத்தம் ஒன்பது வீடு. மற்றதெல்லாம் கல் நட்ட மனையும் கோரைப்புல்லும்.

அப்பா ஆவடியில் தொழிற்சாலையில் ஃபிட்டர். திண்டுக்கல் பக்கம் வானம் பார்த்த ஊரில் பிறந்தவர். மனை பார்க்க வந்த அன்று ஏரி நிறையத் தண்ணீரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாராம். குவார்ட்டர்ஸில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, ஊரிலிருந்து ரயிலேறி வந்து சொன்னார். "மாப்ளே, இது தாழ்வான எடம். தண்ணி வரும்." அப்பா சிரித்துக்கொண்டே, "தண்ணி வந்தா நல்லதுதானே மச்சான்?" என்றார்.

முதல் மழையிலேயே வந்தது. வீட்டுக்குள் முழங்கால் அளவு. மூன்று நாள் கட்டில்மேல் அடுப்பு வைத்துச் சமைத்தோம். வடிந்த பிறகு அப்பா சுவரில் ஈரம் நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அம்மா அந்தக் கோட்டைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்லமாட்டாள். அவள் திட்டியிருந்தால் அப்பா சும்மா இருந்திருப்பாரோ என்னவோ.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லியில் பட்டறை வைத்திருந்த பாயின் மூன்றுசக்கர வண்டியில் சாக்குப் போட்டு மூடிய ஒரு சாமான் வந்து இறங்கியது. சாக்கை எடுத்ததும் அக்கா, "என்னப்பா இது, கொக்கு மாதிரி இருக்கு?" என்றாள். அப்படித்தான் இருந்தது. மேலே பெரிய தலையாக என்ஜின், நடுவில் நீளமான ஒற்றைக் கால், அடியில் இரண்டு இலை விசிறி. அதில் ஓர் இலை பாதி உடைந்துபோயிருந்தது. படகின் பின்பக்கம் மாட்டுகிற மோட்டார். ஏலத்தில் எடுத்த பழைய இரும்போடு இரும்பாக பாயிடம் வந்து சேர்ந்திருந்தது.

"டூ ஸ்ட்ரோக்தான். ஸ்கூட்டர் மாதிரி" என்றார் அப்பா. "பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தினா போதும். அடுத்த மழைக்கு நாம கட்டில்மேல உக்காந்திருக்க மாட்டோம். போட்ல போயிட்டு வருவோம்."

அம்மா கேட்டாள், "போட்டு எங்க?"

"அத நான் செஞ்சிடுவேன்."

இப்போது யோசித்தால் எனக்குத் தெரிகிறது. வீட்டைத் தூக்கி வேறு இடத்தில் வைக்க முடியாது. விற்கவும் முடியாது. தப்பு பண்ணிவிட்டேன் என்று பெரிய மாமாவிடம் போய் நிற்க அவரால் முடியாது. மிச்சமிருந்த ஒரே வழி அந்த மோட்டார். அன்று எனக்கு அது புரியவில்லை. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டுச் சோறு பெட்ரோல் வாசனை அடித்தது. பிஸ்டன் துருவேறிச் சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பார்க் ப்ளக் ஓட்டை வழியாக மண்ணெண்ணெயும் டீசலும் ஊற்றிப் பத்து நாள் ஊறவைத்தார். பதினோராவது நாள் கட்டையை வைத்துத் தட்டியபோது நூல் அளவு நகர்ந்தது. அப்பா "அசைஞ்சிடுச்சு!" என்று கத்தியதில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. கார்புரேட்டர் ஒரு மொபெட்டிலிருந்து வந்தது. நெருப்புப்பொறி கொடுக்கும் கம்பிச்சுருள் ஒரு ஸ்கூட்டரிலிருந்து வந்தது. உடைந்த இலைக்குப் பதில் புது இலையை பாய் பித்தளையில் வார்த்துக் கொடுத்தார்.

அந்தப் பித்தளை எங்கிருந்து வந்தது என்பது பிள்ளையார் சதுர்த்தி அன்றுதான் தெரிந்தது. எதிர்வீட்டுக்குக் கொழுக்கட்டை கொடுத்தனுப்ப அம்மா தன் பித்தளைத் தூக்கைத் தேடினாள். பரண், கட்டிலடி, அரிசி மூட்டைக்குப் பின்னால் எல்லாம் தேடினாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காதான் சொன்னாள். "அம்மா, அது இப்ப விசிறி ஆயிடுச்சு."

அம்மா தேடுவதை நிறுத்தினாள். "உருக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள். கொழுக்கட்டையை எவர்சில்வர் கிண்ணத்தில் போட்டுத் தட்டால் மூடி என்னிடம் கொடுத்தாள். அவ்வளவுதான்.

கடைசியில் கால். அப்பா தெருவை அளந்து வைத்திருந்தார். வெள்ளம் வந்தாலும் தொடை அளவுக்கு மேல் வராது, இத்தனை நீளக் கால் தரையில் இடிக்கும் என்பது அவர் கணக்கு. ஒரு சாண் வெட்டிக் குறைத்து ஒட்டவைக்கச் சொன்னார். பாய் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்.

"சார், கால கொறச்சா வாயும் மேல வந்துடுமே" என்றார்.

விசிறிக்குக் கொஞ்சம் மேலே, காலில் சல்லடை மாதிரி ஒரு துவாரம் இருந்தது. ஓடும்போது அது தண்ணீரை உறிஞ்சி மேலே அனுப்பும். அந்தத் தண்ணீர்தான் என்ஜினைச் சூடேறாமல் வைக்கும். அதைத்தான் பாய் வாய் என்றார்.

"தெருவுல ஓடப்போற போட்டுக்கு இவ்ளோ நீளக் கால் எதுக்கு பாய்?"

"மேலாக்க இருக்கற தண்ணிலதான் சார் குப்பை மெதக்கும்."

"ஒரு மைல் தூரம். அதுக்குள்ள என்ன ஆயிடப்போவுது? வெட்டுங்க."

பாய் வெட்டினார்.

படகு என்று அப்பா செய்தது தகரத்தை மடித்து ரிவிட் அடித்த நீளப் பெட்டி. எதிர்வீட்டில் ஒரு லாரி டிரைவர் இருந்தார். நாங்கள் லாரி மாமா என்போம். அவர் பீடியைப் பற்றவைத்தபடி வந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தார். "இன்னா சார் இது, இட்லி குண்டானுக்கு மோட்டார் மாட்டிகினு கீறீங்க?"

"சிரிங்க டிரைவர். மழை வரட்டும், நீங்கதான் மொதல்ல ஏறுவீங்க."

"நான் எங்க ஏர்றது? எங்கிட்ட ரெண்டு லாரி டியூப் கீது. அதுல படுத்துகினு பொண்டாட்டிய தள்ளச் சொல்லுவேன்."

செப்டம்பரில் ஒரு நாள் தெருவே சேர்ந்து அந்தப் பெட்டியை ஏரிக்குத் தூக்கிக்கொண்டு போனது. அப்பா மோட்டாரின் தலையில் இருந்த சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்தார். நாலாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. வயிற்றுக்குள் அதிர்கிற மாதிரி சத்தம், நீலப் புகை. அக்கா பெட்டியின் முனையில் உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள். ஏரி நடுவில் ஒரு வட்டம் போய் வந்தார்கள். அப்பாவின் முகத்தில் அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கரையிலிருந்து அம்மாவும் சிரித்தாள். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

நவம்பரில் மழை பிடித்தது. நாலு நாள். ஐந்தாம் நாள் விடியும்போது ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கலங்கலையும் தாண்டி வழிந்து, அப்பாவின் சாக்பீஸ் கோடு எங்கே போனதென்று தெரியவில்லை. உள்ளே இடுப்பளவு. தெருவில் மார்பளவு. தண்ணீரோடு ஏரியில் மிதந்த ஆகாயத்தாமரை மொத்தமும் வந்துவிட்டது. தெரு பச்சைப்பாய் விரித்த மாதிரி, ஊதாப் பூவோடு, பார்க்க அழகாகக்கூட இருந்தது.

நாங்கள் மாடியில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்தோம். படகை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தோம். அப்பா அதற்குள் நின்று மோட்டாரை இழுத்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. ப்ளக்கில் ஈரம் ஏறியிருந்தது. புது ப்ளக் ஒன்றைச் சமையல்கட்டு அலமாரியில் அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார், காய்ந்திருக்கட்டும் என்று.

அண்ணாந்து என்னைப் பார்த்தார். "பாப்பா, நீ போய் அந்த ப்ளக்க எடுத்துட்டு வா. மேல் தட்டு."

முதலில் என்னைத்தான் சொன்னார். நான் ஏணியில் பாதிவரை இறங்கிக் கீழே பார்த்தேன். வீட்டுக்குள் இருட்டாகத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. "எனக்குப் பயமா இருக்குப்பா" என்றேன்.

"இவ ஒரு பயந்தாங்கொள்ளி. நகரு" என்று அக்கா என்னைத் தாண்டி இறங்கிப் போனாள்.

திரும்பி வந்தபோது இடது கையில் ப்ளக் இருந்தது. அதை அப்பாவிடம் கொடுத்துவிட்டு வலது கையைத் தூக்கிக் காட்டினாள். "ஏதோ கடிச்சிடுச்சுப்பா. அலமாரில கையை விட்டேன். எலின்னு நெனச்சேன்."

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவில் இரண்டு புள்ளி. நாங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே சமையல்கட்டு ஜன்னல் வழியாக அது வெளியே வந்தது. தலையை மட்டும் தூக்கிக்கொண்டு, எங்களைக் கண்டுகொள்ளாமல் பச்சைக்கு நடுவில் நீந்திப் போனது. அம்மா தான் கட்டியிருந்த புடவையைக் கிழித்தாள். நல்ல நூல் புடவை. கிழியும் சத்தம் பெரிதாகக் கேட்டது. முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். இன்னும் இறுக்கினாள். "வலிக்குதும்மா" என்று அக்கா அழுதாள். "வலிக்கட்டும்டி, வலிக்கட்டும்."

எதிர்மாடியிலிருந்து லாரி மாமா பார்த்துவிட்டார். "சார்! இன்னா ஆச்சு?"

"பாம்பு கடிச்சிடுச்சு!" என்று அம்மா கத்தினாள்.

"சார், அத்த வுடுங்க! ரெண்டு டியூபக் கட்டி மேல பலக போட்டு வச்சிகீறேன். பாப்பாவ படுக்க வச்சி மெயின் ரோடு வரிக்கும் தள்ளிகினே பூடலாம். முக்கா மணி நேரம் ஆவும்!"

"இது ஸ்டார்ட் ஆயிடுச்சுன்னா அஞ்சு நிமிஷம் டிரைவர்!"

"ஆவலன்னா?"

அப்பா ப்ளக்கை மாற்றி முறுக்கிவிட்டுக் கயிற்றைச் சுற்றினார்.

நீங்கள் அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நான் பலமுறை கேட்டுப்பார்த்திருக்கிறேன். அப்பா சொன்னது பொய்யில்லை. அவர் கோடை முழுக்க அந்த ஐந்து நிமிஷத்துக்காகத்தான் உழைத்திருந்தார். இழுத்தார். பிடிக்கவில்லை. சுற்றினார், இழுத்தார். ஒவ்வொரு தடவையும் "இதோ, இதோ" என்றார். அம்மா அக்காவை மடியில் போட்டுப் படகில் உட்கார்ந்திருந்தாள். நான் முனையில் இருந்தேன். மழை ஊசி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. பல வருஷம் கழித்து ஒரே ஒரு தடவை அம்மா சொன்னாள், முப்பத்தெட்டு இழுப்பு என்று. அவள் எண்ணியிருக்கிறாள்.

முப்பத்தெட்டாவதில் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்டதும் நான் கை தட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையையே வெட்டிப்போடலாம் போலிருக்கும். ஆனால் தட்டினேன். அப்பா விசையைத் திருகினார். படகு தெருவில் பாய்ந்தது. எங்கள் வீடு, பக்கத்து வீடு, முனையில் தண்ணீரில் நின்ற மின்கம்பம் எல்லாம் பின்னால் போயின. அம்மா குனிந்து அக்காவின் காதில் சொன்னாள். "போயிட்டோம்டி. இதோ போயிட்டோம்."

இரண்டாவது தெருத் திரும்பியதும் சத்தம் மாறியது. ஆகாயத்தாமரையின் வேர் விசிறியில் சுற்றிக்கொண்டது. அப்பா மோட்டாரைச் சாய்த்து வேரைப் பிய்த்தார், மறுபடி கயிற்றைச் சுற்றி இழுத்தார். ஓடியது. இருபதடி போயிருப்போம், மறுபடி சுற்றியது. பிய்த்தார். இழுத்தார். மூன்றாவது தடவை ஓடும்போது என்ஜினிலிருந்து வறுத்த எண்ணெய் நாற்றம் வந்தது. தண்ணீர் உறிஞ்சும் அந்த வாய் வேரால் அடைத்துப்போயிருக்கிறது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கும். நிறுத்திச் சுத்தம் பண்ண அவருக்கு மனசு வரவில்லை. "ரோடு வந்துடுச்சு, ரோடு வந்துடுச்சு" என்று மோட்டாரிடம் பேசிக்கொண்டே ஓட்டினார். கிரீச்சென்று ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. மழைச் சத்தம் மட்டும்.

அப்பா கயிற்றைச் சுற்றி இழுத்தார். சக்கரம் அசையவில்லை. பிஸ்டன் உள்ளே இறுகிவிட்டது. இரண்டு கையாலும் இழுத்தார். கயிறு வழுக்கி அவர் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு வந்தது. மறுபடி சுற்றினார். நாலு பக்கமும் பச்சை. ஒரு மனிதர் கண்ணில் படவில்லை.

"அத விடுங்க" என்றாள் அம்மா.

அவர் காதில் விழவில்லை.

"என்னங்க. அத விடுங்க."

அம்மா அக்காவின் தலையை என் மடிக்கு மாற்றினாள். எழுந்தாள். தண்ணீருக்குள் இறங்கினாள். அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. கழுத்து வரைக்கும் போய்விட்டாள். ஒரு நொடி முகமே தெரியவில்லை. பிறகு எழும்பி, படகின் முன்னாலிருந்த கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "தூங்க விடாத. பேச்சு குடுத்துகிட்டே இரு."

என்ன பேசுவது? குவார்ட்டர்ஸில் இருந்தபோது சித்தி வீட்டுக்கு ரயிலில் போவோம். யார் முதலில் ஸ்டேஷன் பேர் சொல்வது என்று நானும் அக்காவும் போட்டி போடுவோம். அதுதான் வாயில் வந்தது.

"அக்கா, பட்டாபிராம். அடுத்தது சொல்லு."

"இந்துக் கல்லூரி."

"அப்புறம்?"

"ஆவடி. அண்ணனூர். சும்மா இருடி, தூக்கம் வருது."

"சொல்லுக்கா. அண்ணனூருக்கு அப்புறம்?"

"திருமுல்ல..." நாக்கு தடித்துப்போன மாதிரி பேசினாள். கண் இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை. நான் விரலால் இமையைத் தூக்கிவிட்டேன். என்னைப் பார்த்தாள். பயத்தோடு பார்த்தாள். "எனக்கு ரெண்டு ரெண்டா தெரியு..."

"அம்பத்தூர் சொல்லு. சொல்லுக்கா. அம்பத்தூர்."

உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அப்பா அப்போதும் மோட்டாருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். பின்னால் தண்ணீரை அடித்துக்கொண்டு யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். லாரி மாமா. இரண்டு டியூபையும் பலகையையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. மோட்டார் ஓட ஆரம்பித்ததுமே பின்னாலேயே கிளம்பிவிட்டாராம். டியூபை விட்டுவிட்டுப் படகின் முன்பக்கம் போய் அம்மாவின் தோளிலிருந்து கயிற்றை வாங்கினார். "நவுரு தங்கச்சி." பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார். "சார், எறங்கி பின்னால தள்ளுங்க. பாப்பா மூச்ச பாருங்க, எறங்குங்க."

அப்பா இறங்கினார்.

மெயின் ரோட்டு மேட்டில் ஒரு மணல் லாரி நின்றிருந்தது. அதன் டிரைவர் தண்ணீரில் இறக்கமாட்டேன் என்றார். லாரி மாமா கதவைத் திறந்து ஏறி, "தள்ளிக்கோ மாமே, நான் ஓட்றேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எந்தெந்தத் தெரு வழியாகப் போனோம் என்று எனக்கு நினைவில்லை. அக்காவின் நெஞ்சு ஏறுவதும் இறங்குவதும்தான் நினைவிருக்கிறது. அது சின்னதாகிக்கொண்டே வந்தது.

விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். மூச்சு தானாக வரவில்லை. மெஷின் ஒன்றுதான் இருந்தது, அதில் வேறு ஒருவர் இருந்தார். அதனால் தொண்டைக்குள் குழாய் விட்டு, அதன் நுனியில் ஒரு ரப்பர் பையை மாட்டி, அப்பா கையில் கொடுத்தார்கள். "அமுக்குங்க, விடுங்க. அமுக்குங்க, விடுங்க. நிறுத்தாதீங்க" என்றார் நர்ஸம்மா. அப்பாவின் உள்ளங்கை இரண்டும் பச்சை ரணம். அந்தக் கையால் அமுக்கினார். அப்பா, அம்மா, லாரி மாமா, மூன்று பேரும் மாற்றி மாற்றி. இரண்டு முழு நாள். லாரி மாமா வீட்டுக்காரம்மா மறுநாள் வந்து என்னைத் தன்னோடு வராந்தாவில் வைத்துக்கொண்டார். ஒருமுறை கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பாவின் முறை. பையில் ரத்தம் தடவியிருந்தது. லாரி மாமா, "குடுங்க சார், என்னோட டர்னு" என்று கேட்டார். அப்பா கொடுக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். உதட்டில் ஏதோ எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் அக்கா தானாக மூச்சுவிட்டாள்.

விரல்கள் போய்விட்டன. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். விஷம் பாதி, அம்மா இறுக்கிக் கட்டிய கட்டு பாதி என்று பெரிய டாக்டர் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான் கட்டுகிறார்கள் என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு அப்பாவை ஒரு வார்த்தை குறை சொல்லி நான் கேட்டதில்லை. அது மன்னிப்பா, வேறு ஏதாவதா, எனக்கு இன்றும் தெரியாது.

அக்கா வீடு திரும்பியபோது தை பிறந்திருந்தது. பெரிய மாமா வந்தார். வீட்டை விற்றுவிட்டு வாருங்கள் என்றார். யார் வாங்குவார்கள்? இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். சுவரில் சேறு ஏறிய உயரத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார்கள். மோட்டார் கொல்லையில் சாக்குக்குக் கீழே கிடந்தது. அப்பா அந்தப் பக்கம் போகமாட்டார். வேலைக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கை ரணம் ஆறிய பிறகும் சோற்றைப் பிசைய ஸ்பூன் கேட்டார்.

வெயில் ஏறிய ஒரு காலையில் அம்மா அவர் எதிரில் காபியை வைத்துவிட்டுக் கேட்டாள். "அந்த மோட்டார் சரியாவுமா?"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கேலி செய்கிறாளோ என்று பயந்த மாதிரி பார்த்தார்.

"ஆவுமா ஆவாதா? சொல்லுங்க."

"ஆவும். சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்கி பெரிய பிஸ்டன் போடணும். கால பழைய நீளத்துக்கு..."

"அப்ப செய்யுங்க. மழை வராமயா இருக்கப்போவுது? நாம போக எடமிருக்கா?"

அப்பா அழுததை அன்றுதான் முதலில் பார்த்தேன். அம்மா அவர் அழுது முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

பாய் காலை மறுபடி நீளமாக்கினார். ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. விசிறியைச் சுற்றிக் கம்பிக்கூண்டு ஒன்று செய்தார். வாய்க்கு மேலே ஓட்டை போட்ட தகடு ஒன்றும் வைத்தார். கூலி வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாம் பொருத்தி முடித்த நாளில் அப்பா கயிற்றைக் கையில் எடுத்தார். இழுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்தோம். அக்கா எழுந்து வந்து அவர் கையிலிருந்து கயிற்றை வாங்கினாள். இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

"வேணாம்மா" என்றார் அப்பா.

"நவுருங்கப்பா."

நாலைந்து தடவை இழுத்தும் பலம் போதவில்லை. அப்பா வீட்டுக்குள் போய்விட்டார். அக்கா அந்த மாதம் முழுக்கத் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இழுத்துப் பழகினாள். இடது கையால் எழுதப் பழகியதும் அதே மாதத்தில்தான்.

மறு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. அதற்கடுத்த வருஷம் வந்தது. தொடைக்கு மேல் தண்ணீர். இந்தத் தடவை விடிந்ததுமே கிளம்பினோம். அக்கா மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது இழுப்பில் பிடித்தது. அம்மா, நான், லாரி மாமாவின் இரண்டு பிள்ளைகள், அரிசி மூட்டை. எல்லோரும் ஏறியாகிவிட்டது.

அப்பா வாசல்படியில் நின்றார்.

"ஏறுங்கப்பா" என்றாள் அக்கா.

"எடை கூடிடும். நீ போம்மா. நான் நடந்தே வரேன்."

"எடையெல்லாம் ஒண்ணும் ஆவாது. ஏறுங்க."

"நீ போ."

தண்ணீரில் இறங்கிவிட்டார். ஒரு கையைப் படகின் பின்விளிம்பில் வைத்துக்கொண்டார். அக்கா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விசையைக் குறைத்தாள். படகு தேங்கி நின்றுவிடுமோ என்கிற அளவுக்குக் குறைத்தாள். அப்பா ஓர் அடி வைத்தால் படகும் ஓர் அடி போனது. லாரி மாமாவின் சின்னப் பையன், "அக்கா, வேகமா போ அக்கா!" என்று கத்தினான். அக்கா காதில் வாங்காமல், திரும்பித் திரும்பி அப்பாவின் நடையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

அந்த வீட்டில் இன்னும் பதினோரு வருஷம் இருந்தோம். தண்ணீர் மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் அக்காவோ அம்மாவோதான் ஓட்டினார்கள். அப்பா ஒரு தடவைகூட ஏறவில்லை.